நங்கையா எண்ணெய்க்குப் பூஜ்யம்

என் முதுகெலும்புக்குப் பக்கத்தில் ஒரு கோள்சொல்லி குடியிருக்கிறது. கடுகளவுதான் இருக்கும். அரசாங்கத் தாள்களில் அதற்கு 'நரம்புறை மீட்புப் பதிவி' என்று வாயில் நுழையாத ஒரு பெயர் உண்டு. ஊரில் எல்லோரும் சாட்சி என்றுதான் சொல்கிறார்கள். நான் எந்த வைத்தியம் செய்துகொண்டாலும் அது என் நரம்புக்கு எவ்வளவு நல்லது செய்தது என்பதை இந்தச் சாட்சி குறித்து வைத்துக்கொள்ளும். ஆறு மாதத்துக்கு ஒரு முறை ஆஸ்பத்திரியில் வாசிப்பார்கள். ஊசிக்கு இவ்வளவு, மாத்திரைக்கு இவ்வளவு, கஷாயத்துக்கு இவ்வளவு என்று பள்ளிக்கூடத்து மார்க் ஷீட் மாதிரி வந்துவிடும்.

எனக்கு எம்.எஸ். வந்து ஏழு வருடம் ஆகிறது. மல்டிபிள் ஸ்கிளீரோசிஸ். நரம்பு டாக்டர் முக்கால் மணி நேரம் படம் போட்டு விளக்கியும் எனக்குப் புரியாததை, வீட்டுக்கு வரும் வழியில் என் கணவர் நவநீதன் இரண்டே வரியில் சொல்லிவிட்டார். சிங்காநல்லூரில் மோட்டாருக்குச் செம்புக் கம்பிக் காயில் கட்டும் பட்டறை வைத்திருப்பவர் அவர்.

"ஒயரு நல்லாத்தான் இருக்குது தாரணி. மேல இருக்கற வார்னிஷ் உரிஞ்சு போச்சு. அதனாலதான் கரண்டு வழியில கசியுது."

"யாரு உரிக்கறாங்க?"

"உன்ற ஒடம்புதான். கிருமிய அடிக்கறதுக்குன்னு வெச்சிருக்கற ஆளுக, வீட்டுக்காரனையே புடிச்சு அடிக்கறாங்க."

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் இரண்டு கட்சி. ஊசிக் கட்சிக்குத் தலைவர் நவநீதன். ஆறு மாதத்துக்கு ஒரு முறை டிரிப்பில் ஏற்றும் மருந்துதான் அவருக்குத் தெய்வம். எண்ணெய்க் கட்சிக்குத் தலைவர் அவருடைய அக்கா சுகந்தாமணி, அதாவது என் நங்கையா. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் இருபத்தாறு வருடம் செக்கிங் சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்றவர். சட்டையை வெளிச்சத்தில் பிடித்து ஒரு திருப்பு திருப்புவார். ஒரு தையல் விட்டிருந்தாலும் ரிஜெக்ட்தான், எம்.டி.யே வந்து கெஞ்சினாலும் மாற்ற மாட்டார். இரண்டு கட்சிக்கும் நடுவில் நான். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி.

நங்கையா தினமும் சூலூரிலிருந்து பஸ் ஏறி ஐந்து மணிக்கு வந்துவிடுவார். தாராபுரத்துக்குப் பக்கத்தில் ஒரு வைத்தியர் கொடுத்த எண்ணெயும் கஷாயமும் பையில் இருக்கும். எனக்கு எதிரே முக்காலி போட்டு உட்கார்ந்து, என் இரண்டு காலையும் மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, இரண்டையும் ஒரே நேரத்தில் தேய்த்து அழுத்துவார். என் இடது காலுக்கு அவருடைய வலது கை. என் வலது காலுக்கு அவருடைய இடது கை. கையை மாற்றவே கூடாது என்பது வைத்தியர் வாக்கு. ஏன் என்று நான் ஒரு நாள் கேட்டுவிட்டேன்.

"துணி வாங்கற பையரு சொன்ன அளவ நாம எதுக்குன்னு கேப்போமா? சொன்னாங்க, செய்யோணும். அவ்வளவுதான்" என்றார் நங்கையா.

எண்ணெய் எனக்குப் பிடிக்கும். பொய் சொல்லுவானேன், நாள் முழுக்க அந்த ஐந்து மணிக்காகத்தான் காத்துக்கொண்டிருப்பேன். கஷாயம்தான் வம்பு. டிரிப்பில் ஏறும் மருந்தோடு எந்த மூலிகை மோதும் என்று தெரியாது, கேட்காமல் எதையும் குடிக்காதீர்கள் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். நங்கையாவிடம் வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவர் கை கழுவப் போகும் நேரம் பார்த்து ஜன்னல் வழியே கறிவேப்பிலைச் செடிக்கு ஊற்றிவிடுவேன்.

சாட்சி வந்த பிறகு ஊரே மாறிப்போனது. எத்தனையோ வைத்தியசாலைகளில் பூட்டு தொங்கியது. இங்கிலீஷ் மருந்து மட்டும் தப்பித்ததா என்றால் அதுவும் இல்லை. பெரிய பெரிய பெயர் வைத்த நாலைந்து மாத்திரைகள் மண்ணைக் கவ்வின. எல்லாம் நல்லதுதான் என்றார் நவநீதன். அளந்து பார்க்காமல் எதையும் நம்பாதவர் அவர். ஆனால் அந்த மார்க் ஷீட் வீடுகளுக்குள் வந்தபோது என்ன செய்தது என்று எனக்குத் தெரியும். என்னோடு டிரிப் ஏற்றிக்கொள்ள வரும் சபரிநாதனை அவர் மனைவி ஐந்து வருடமாக வாராவாரம் ஒரு தொடுசிகிச்சைக்குக் கூட்டிப் போய், ஒரு மணி நேரம் அவர் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பாள். பூஜ்யம் என்று வாசித்தார்கள். கூட்டிப் போவதை நிறுத்தினாள், அது சரிதான். கூடவே உட்காருவதையும் நிறுத்திவிட்டாள். "பூஜ்யத்துக்கு எதுக்கு உக்காரோணும்னு கேக்கறா" என்று சபரிநாதன் என்னிடம் சிரித்துக்கொண்டுதான் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

வாசிப்பைக் குடும்பத்தார் முன்னிலையில்தான் செய்ய வேண்டும் என்று ஒரு விதி உண்டு. டாக்டரிடம் ஒன்று, வீட்டில் ஒன்று என்று பேசும் என்னைப் போன்ற ஆட்களுக்காகவே போட்ட விதி.

எனக்குச் சாட்சி வைத்து இரண்டு மாதம் ஆகி, முதல் வாசிப்புக்கு நாலு மாதம் இருக்கும்போதுதான் இடது கால் தகராறு ஆரம்பித்தது. நங்கையா அழுத்தும்போது வலது காலில் சுளீரென்று தெரிகிறது. இடது காலில் அவ்வளவாகத் தெரியவில்லை. இரண்டு நாள் பார்த்தேன், ஒரு வாரம் பார்த்தேன். அடுத்த மாதம் இன்னும் மங்கிவிட்டது. மூன்றாவது மாதம் யாரோ ஈரத் துணியைக் கால்மேல் போட்ட மாதிரிதான் இருந்தது.

நங்கையாவோ சந்தோஷத்தில் மிதந்துகொண்டிருந்தார்.

"அட, காலு கெட்டிப்பட்டு வருது தாரணி! இந்த எடது காலத் தொட்டுப் பாரு. என்ற விரலே எறங்க மாட்டேங்குது. சதை அப்படியே கல்லாட்ட ஆயிருச்சு."

"அப்படீங்களா நங்கையா?"

"பின்ன! எண்ணெய் புடிச்சிருச்சு. வரட்டும் என்ற தம்பி. ஊசி ஊசின்னு குதிச்சானல்ல."

அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு, கால் கெட்டிப்படவில்லை நங்கையா, செத்துக்கொண்டிருக்கிறது என்று நான் எப்படிச் சொல்வேன்? யாரிடமும் சொல்லவில்லை. டாக்டர் மாதாமாதம் குண்டூசியால் குத்திப் பார்ப்பார், அது தெரிந்தது. ஆனால் குத்தல் ஒரு வழியாகவும் அழுத்தம் வேறு வழியாகவும் மூளைக்குப் போகும், ஒன்று போய் ஒன்று நிற்கலாம் என்று எங்கோ படித்துத் தொலைத்திருந்தேன். நடை முன்பைவிட நன்றாகத்தான் இருந்தது. அணையப் போகிற விளக்கு பிரகாசமாக எரியும் என்பார்களே, அதுதான் என்று நினைத்துக்கொண்டேன்.

நான் பயந்தது நோய்க்கு மட்டும் இல்லை. ஊசி வேலை செய்யவில்லை என்று சாட்சி சொன்னால் அடுத்த கட்டத்துக்கு அனுப்பிவிடுவார்கள். உடம்பில் இருக்கும் அந்தக் கிறுக்குப் பிடித்த காவல்காரர்கள் எல்லோரையும் துடைத்துவிட்டு, எலும்பு மஜ்ஜையிலிருந்து புதிதாக வளர்ப்பார்கள். வளரும்வரை இரண்டு மாதம் கண்ணாடி அறையில் தனியாக இருக்க வேண்டும். கையுறை போட்ட கையைத் தவிர ஒரு கையும் மேலே படக் கூடாது. முடித்து வந்தவர்கள் நன்றாக இருக்கிறார்கள் என்பதும் உண்மைதான். ஆனாலும் அந்த இரண்டு மாதமும் ஐந்து மணி வரும், நங்கையாவின் கை வராது.

வாசிப்பு நாள் வந்தது. நங்கையா சம்பந்தம் பேசப் போகிறவர் மாதிரி கஞ்சி போட்ட சேலை கட்டி, தலை நிறையப் பூ வைத்து வந்திருந்தார். அவருடைய எண்ணெய் மார்க் வாங்கப் போகிற நாள் ஆயிற்றே. நவநீதன் வழியெல்லாம் அக்காவைச் சீண்டிக்கொண்டே வந்தார்.

டாக்டர் ஷமீனாவுக்கு வயது முப்பத்தைந்துக்குள்தான் இருக்கும். இஸ்திரிப் பெட்டி போன்ற ஒரு கருவியை என் முதுகில் மேலும் கீழும் ஓட்டினார். திரையில் எண்கள் ஓடின.

"டிரிப் மருந்து, எழுபத்தொண்ணு."

நவநீதன் நிமிர்ந்து உட்கார்ந்தார். எனக்கு நம்பிக்கை வரவில்லை. இன்னும் கால் விவரம் வரவில்லையே.

"பிசியோதெரபி பதினாலு. வைட்டமின் டி ரெண்டு. குளிர் சட்டை, பூஜ்யம்."

குளிர் சட்டை நவநீதன் செய்தது. வெயில் ஏறினால் எனக்குக் கால் இழுத்துக்கொள்ளும் என்று, சின்ன மோட்டார் வைத்து ஐஸ் தண்ணீர் ஓடும் குழாய்களைச் சட்டைக்குள் தைத்துக் கொடுத்திருந்தார்.

"அதெப்படிங்க டாக்டர்! அதப் போட்டா அவ ஜம்முன்னு நடக்கறாளே!"

"நடப்பாங்க. சூட்டக் கொறைச்சா நரம்பு நல்லா வேலை செய்யும். தாராளமா போடட்டுங்க. ஆனா நரம்புறைய அது வளர்க்கலை. சாட்சி கேக்கறது அந்த ஒரே கேள்வியத்தான்."

நங்கையா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். சிரிப்பில் தோள் குலுங்கியது.

"கஷாயம்..." டாக்டர் திரையை உற்றுப் பார்த்தார். "உடம்புலயே இல்லைங்க. ஒரு சொட்டுகூட உள்ள போகலை."

இப்போது எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். தப்பிக்க வழியில்லை.

"கறிவேப்பிலச் செடிக்கு ஊத்திட்டனுங்க நங்கையா."

"ஆறு மாசமாவா?"

"ரெண்டு வருசமாங்க."

நங்கையா முந்தானையைச் சரிசெய்துகொண்டார். பிறகு கேட்டார். "செடி எப்படி இருக்குது?"

"நல்லாத் தழைஞ்சிருக்குதுங்க."

"அப்ப மருந்துல கோளாறு இல்லை."

டாக்டர்கூடச் சிரித்துவிட்டார். சிரிப்பு அடங்குவதற்குள் அடுத்த வரியைப் படித்தார். "எண்ணெய், பூஜ்யம்."

நங்கையா சண்டை பிடிப்பார் என்று நினைத்தேன். பிடிக்கவில்லை. இருபத்தாறு வருடம் மற்றவர்கள் தைத்ததைத் தள்ளியவருக்கு இன்று தன்னுடையதைத் தள்ளிவிட்டார்கள் என்று புரிய ஒரு நிமிடம் ஆனது. தலையில் பூ வேறு.

"ஒருக்கா மறுபடியும் பாருங்க அம்மிணி" என்றார் மெதுவாக. "மெசினுன்னா தப்பும் சொல்லும். இவ எடது காலு கெட்டிப்பட்டிருக்குது. நான் கைல பாக்கறனல்லங்க தெனமும்? விரலே எறங்க மாட்டேங்குது."

டாக்டர் எழுந்து வந்து என் கெண்டைக்கால் இரண்டையும் பிடித்துப் பார்த்தார். "கெட்டியா ஒண்ணும் இல்லைங்களே. ரெண்டும் ஒரே மாதிரிதான் இருக்குது."

அதற்குமேல் என்னால் அடக்க முடியவில்லை. "கெட்டியும் இல்லை ஒண்ணும் இல்லைங்க டாக்டர். அந்தக் காலு போயிட்டிருக்குது. நாலு மாசமா நங்கையா அழுத்தறது எனக்குத் தெரியறதே இல்லை. பயந்துக்கிட்டு யாருகிட்டயும் சொல்லலைங்க" என்று கொட்டிவிட்டேன்.

நவநீதனின் முகம் சுண்டிப்போனது. "எங்கிட்டக்கூடச் சொல்லலையே தாரணி" என்றார். அந்த ஒரு வாக்கியத்துக்குப் பதிலாக அவர் என்னை அறைந்திருக்கலாம்.

டாக்டர் மறுபடியும் திரைக்குப் போனார். எதையோ பெரிதாக்கிப் பார்த்தார். "சாட்சி அப்படிச் சொல்லலைங்க. இருக்கறதுலயே உங்க எடது கால் நரம்புப் பாதைதான் நல்லா வளர்ந்திருக்குது." திரும்பி வந்து என் இடது ஆடுசதையில் கட்டைவிரலை வைத்து ஓர் அழுத்து அழுத்தினார். நான் துள்ளி விழுந்தேன்.

"தெரியுதுங்களா?"

"தெரியுதுங்க... நல்லாத் தெரியுதுங்க. அப்ப நங்கையா அழுத்தறப்ப மட்டும் ஏனுங்க தெரியலை?"

டாக்டர் ஒரு முக்காலியை என் எதிரே வைத்தார். நங்கையாவைப் பார்த்தார். "அம்மா, வீட்டுல எப்படித் தேய்ப்பீங்களோ அப்படியே ஒருக்கா காட்டுங்க."

நங்கையா முக்காலியில் உட்கார்ந்து என் கால்களை மடியில் வைத்து அழுத்தினார். வலது காலில் சுளீர். இடது காலில் ஈரத் துணி. சொன்னேன்.

"இப்ப கைய மாத்திப் போட்டு அழுத்துங்க."

"மாத்தக் கூடாதுங்க அம்மிணி. வைத்தியரு..."

"எனக்காக ஒரே ஒருக்கா."

நங்கையா தயங்கித் தயங்கிக் கைகளைக் குறுக்கே போட்டார். அழுத்தினார். இடது காலில் உச்சந்தலை வரைக்கும் வலித்தது. "வலிக்குது! வலிக்குதுங்க நங்கையா!" என்று அந்த அறை அதிரக் கத்தினேன். கண்ணாடி அறை இல்லை. காலுக்கு ஒன்றும் இல்லை. சிரிக்கிறேனா அழுகிறேனா என்று எனக்கே தெரியவில்லை. நவநீதன் என் தோளைப் பிடித்துக்கொண்டார்.

"வலது கால்ல?" என்று கேட்டார் டாக்டர்.

அப்போதுதான் கவனித்தேன். வலது காலில் ஈரத் துணி போட்ட மாதிரி இருந்தது. நங்கையாவின் வலது கை அங்கே இருந்தது.

நங்கையா கையை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். ஒரு துண்டுத் துணியைப் பார்ப்பது மாதிரி முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார்.

"டம்ளரு, கரண்டி எல்லாம் கை நழுவுதுங்களா அம்மா?"

"வயசாச்சுங்க. நழுவாம?"

"கழுத்து, பொடனியெல்லாம் வலிக்குமா?"

"இருவத்தாறு வருசம் குனிஞ்சே நின்னனுங்க. வலிக்கத்தான் செய்யும்."

டாக்டர் நாற்காலியை அவருக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டு சொன்னார். கழுத்தில் எலும்பு நரம்பை நெருக்குகிறது என்றுதான் தோன்றுகிறது, ஸ்கேன் எடுத்தால் தெரிந்துவிடும். அப்படி இருந்தால் ஆபரேஷன் செய்து நெருக்கலை எடுத்துவிடலாம். இன்னும் ஆறு மாதம் கவனிக்காமல் விட்டால் கை திரும்பி வராது.

"சாட்சி இவளுக்குத்தான வெச்சிருக்குது. என்ற கையப் பத்தி எப்படிச் சொல்லும்?" என்றார் நங்கையா.

"நீங்கதான் தெனமும் ஒரு நல்ல நரம்பு மேல கைய வெச்சீங்களே. எவ்வளவு பலத்தோட வெச்சீங்கன்னு அது எழுதி வெச்சிருக்குது." டாக்டர் திரையைத் திருப்பினார். கைக்கு ஒன்றாக இரண்டு கோடுகள். ஒன்று நேராகப் போனது. வலது கையின் கோடு நாளுக்கு நாள் இறங்கிக்கொண்டே வந்தது. கோடு முழுக்கப் புள்ளிகள், ஒரு மாலைக்கு ஒரு புள்ளி. நான் கோடுகளைப் பார்க்கவில்லை. புள்ளிகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பஸ் ஓடாத நாள் இருந்தது, மாரியம்மன் நோம்பித் திருவிழா இருந்தது, அவர் பேத்திக்குக் காது குத்திய நாள் இருந்தது. நூற்றெண்பது நாளில் ஓர் இடத்தில்கூடப் புள்ளி விட்டுப்போயிருக்கவில்லை. அந்தக் கைதான் தேய்ந்துகொண்டே வந்திருக்கிறது. என் கால் கெட்டிப்படுகிறது என்று அவர் சந்தோஷப்பட்டார், என் கால் சாகிறது என்று நான் பயந்தேன். அவரும் நானும் தினமும் அரை மணி நேரம் எதிரெதிரே உட்கார்ந்துகொண்டு, ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளவில்லை. சற்று முன் நான் போட்ட கூச்சலை நினைத்து எனக்கு வெட்கமாக இருந்தது.

ஸ்கேன் அன்றைக்கே எடுத்துவிடலாம் என்றார்கள். நவநீதன் சீட்டு வாங்கப் போனார். ஸ்கேன் அறைக்கு வெளியே நடையில் ஒரு பெஞ்சில் நானும் நங்கையாவும் உட்கார்ந்திருந்தோம். உலோகம் எதுவும் கூடாது என்றதால், அவர் கையில் சோப்பு நுரையைத் தடவி வளையல்களை ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டிருந்தேன். கை அப்படியே துவண்டு என் மடியில் கிடந்தது.

"பூஜ்யம்னுட்டாங்க" என்றார் நங்கையா.

எனக்குச் சபரிநாதனின் சிரிப்பு நினைவுக்கு வந்தது. "நாளைக்கு வராம இருந்து பாருங்க, நான் சூலூருக்கே பஸ் ஏறி வந்து சண்டை போடுவேன். மார்க் அவங்க என்ன வேணா போட்டுக்கட்டும். நீங்க வரலைன்னா எனக்குப் பொழுதே போகாதுங்க நங்கையா, சத்தியமாச் சொல்றேன்" என்றேன்.

"யாரு வர்லைன்னா?" அவர் என்னை முறைத்தார். "கம்பெனில ரிஜெக்ட் பண்ணுன பீஸ என்ன பண்ணுவோம்னு நெனைக்கற? கப்பல் ஏத்தத்தான் அது ஆகாது. வீட்டுக்குக் கொண்டு போயி நாங்கதான் போட்டுக்குவோம். என்ற பையன் காலேஜ் முடிக்கற வரைக்கும் ரிஜெக்ட் பனியன்லதான் வளந்தான். ஒண்ணாவது கிழிஞ்சிருக்குமா, கேளு அவன்ட்ட."

கடைசி வளையலும் வந்துவிட்டது. உள்ளேயிருந்து அவர் பெயரைக் கூப்பிட்டார்கள். நங்கையா எழுந்திருக்கவில்லை.

"பயமா இருக்குது கண்ணு" என்றார். "உள்ள நீயும் வர்றயா?"

"விட மாட்டாங்க நங்கையா. நான் கதவுகிட்டயே நிக்கறேன். எங்கயும் போக மாட்டேன்."

"எதுக்கு நின்னுக்கிட்டு? காலு வலிக்கும். உக்காரு."

"வலிக்கட்டுங்க" என்றேன்.

அவரை எழுப்பி உள்ளே அனுப்பிவிட்டு, வளையல்களை என் கையில் போட்டுக்கொண்டு கதவுக்குப் பக்கத்தில் நின்றேன். நாற்பது நிமிடம் ஆனது. இரண்டு காலும் ஒரே மாதிரி வலித்தன.